தக்கை பிரிக்கிற ஞாயிறு

என் அக்கா வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கட்டைவிரல் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பேசாமல் இருப்பார். எனக்கு அவர் அத்தான். கோபம் வந்தால் மட்டும் அக்காவிடம் "உன் வீட்டுக்காரர்" என்பேன். வாரத்தில் பாதி நாள் அப்படித்தான். அவர் என்னை ஊசி என்பார். தையல்காரி என்பதால் வைத்த பெயர் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வார். என் வாய்க்காக வைத்ததுதான், எனக்குத் தெரியாதா என்ன.

தொழில், பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் பதித்து, அராவித் தேய்த்து, வழவழவென்று ஆக்கிக் கொடுப்பார். கட்டடத்தின் முன்பக்கம் என் கடை, பின்பக்கம் அவர் அறை, மாடியில் அவர்கள் வீடு. என்னிடம் துணி தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போது பின்கதவு திறந்தால் போச்சு. அலமாரி முழுக்கத் தாடைகள் வரிசையாக உட்கார்ந்து பல்லை இளித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராத வாடிக்கைக்காரிகள் உண்டு. கதவை மூடித் தொலையுங்கள் என்றால், பிளாஸ்டர் காயக் காற்று வேண்டும் என்பார். அந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் காற்று வேண்டும்.

பல் செட் அவருக்கு வயிற்றுப்பாடு, அவ்வளவுதான். உயிர் இருந்தது விமானத்தில். ரப்பர் பட்டையை முறுக்கிவிட்டால் விசிறி சுழன்று, தானாகப் பறக்கிற சின்ன விமானங்கள் செய்வார். பொம்மை என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார். அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் சொல்லிவிடுவேன். கல்யாணமான புதிதில், உனக்கு ஒரு அதிசயம் காட்டுகிறேன் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவளும் இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு போனாள். கூட்டிப்போனது காலியாகக் கிடந்த ஒரு சரக்குக் கிடங்குக்கு. அங்கே ஒரு விமானத்தை முறுக்கிவிட, அது மெல்ல மெல்ல வட்டமடித்து மேலே போய், கூரை விளக்கில் தொங்கிவிட்டது. சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அது கீழே விழுந்ததா என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

விமானம் செய்கிற மரத்துக்குப் பால்சா என்று பெயர். நான் தக்கை என்பேன். "பால்சா" என்று உடனே திருத்துவார். நானும் மறுபடி தக்கை என்பேன். எங்கோ வெளிநாட்டுக் காட்டில் கிடுகிடுவென்று வளர்கிற மரமாம். வெட்டிக் காயவைத்தால் கையில் எடுத்தது போலவே இருக்காது. அத்தானை யாராவது தெரியாத்தனமாக, எல்லாம் ஒரே தக்கைதானே என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. காப்பி ஆறிப்போகும், கேட்டவருக்கு வேலை இருக்கும், இவர் விட மாட்டார்.

ஒரே அளவு, ஒரே தடிமனான இரண்டு பலகைகளை எடுத்தால், ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு எடை இருக்கும் என்பார். வாலுக்குப் போடுகிற கட்டை இருப்பதிலேயே லேசாக இருக்க வேண்டும். வாலில் கொஞ்சம் எடை கூடினால் அதைச் சரிக்கட்ட மூக்கில் அதைவிட எத்தனையோ மடங்கு ஈயம் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் அது பறக்காது, நடக்கும். ஆனால் லேசு லேசு என்று பார்த்து இறக்கையின் நடுக்கட்டைக்கும் லேசானதைப் போட்டால், முதல் முறுக்கிலேயே இறக்கை மடிந்துவிடும். அதற்குக் கெட்டிக் கட்டை வேண்டும். அதிலும் இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் ஒரே பலகையிலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து, குடித்தவன் மாதிரி வளைய வரும்.

எடை மட்டும் பார்த்தால் போதாதாம். மரத்தை எந்தப் பக்கமாக அறுத்தார்கள் என்பதும் உண்டு. ஒரு விதமாக அறுத்த பலகை காகிதம் போல அகலவாட்டில் வளையும். அது உருண்டையாகச் சுற்றுகிற இடத்துக்கு. இன்னொரு விதமாக அறுத்தது மேலே மினுமினுவென்று செதில் செதிலாகப் புள்ளி போட்டிருக்கும். அது வளையாது, வளைத்தால் படீரென்று முறியும். இறக்கைக்குள் விலா எலும்பு போல வரிசையாக நிற்கிற குறுக்குக் கட்டைகளுக்கும் வாலுக்கும் அதுதான். நடுவாந்தரமாக ஒன்று உண்டு, எதற்கும் ஆகும், எதற்கும் பிரமாதமாக ஆகாது. சொந்தக்காரர்களையே அவர் இப்படித்தான் வகை பிரித்து வைத்திருந்தார். என் அண்ணன் சுற்றுகிற ஜாதி. அக்கா நடுவாந்தரம். (இதை அக்கா காதில் விழச் சொல்ல மாட்டார்.) நான் செதில் போட்டது, வளைக்கப் பார்த்தால் முறியுமாம். என்னைப் பற்றி அவர் சொன்னதில் நான் சண்டைக்குப் போகாதது அது ஒன்றுதான்.

இத்தனையையும் அவர் தராசில் கண்டுபிடிக்கவில்லை, கட்டைவிரலில்தான் கண்டுபிடித்தார். பலகையைக் கையில் வாங்குவார், நகத்தால் ஒரு அழுத்து, குறுக்கே லேசாக ஒரு வளைப்பு, ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு தட்டு. "வாலு", "விலா", "அடுப்பெரிக்க" என்று சொல்லி வைத்துவிடுவார். அப்புறம் எடை போட்டுப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

இந்தக் கிறுக்கு அவருக்கு மட்டும் இருந்திருந்தால் வீட்டோடு போயிருக்கும். கூட மூன்று பேர் இருந்தார்கள்: எதிர்ச்சாரியில் ரொட்டி சுடுகிற பேக்கரிக்காரர், ஒரு பஸ் டிரைவர், ஒரு கண்ணாடிக் கடைக்காரர். நால்வரும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு பெட்டி தக்கை வரவழைப்பார்கள். வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைப் பிரிப்பார்கள். முதலில் ஒவ்வொரு பலகையும் கை மாறி மேஜையைச் சுற்றி வரும். எல்லாரும் தொட்டுப் பார்த்த பிறகு முறை வைத்து ஆளுக்கொன்றாக எடுக்க வேண்டும். தராசு கூடாது. ஒரு வருடம் டிரைவர் சட்டைப்பைக்குள் குட்டித் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, அந்தச் சண்டையில் அக்காவின் டீ ஜாடி உடைந்தது. அன்றோடு தராசுக்குத் தடை. கையும் கண்ணும் காதும்தான். முதல் முறை எப்போதும் கட்டைவிரலுக்கு. மரியாதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எதை எடுக்கிறார் என்று பார்க்காமல் மற்றவர்களுக்குக் கை ஓடாது.

பேக்கரிக்காரர் அவருக்கு நேர் எதிரே உட்காருவார். அத்தானுக்கு அடுத்தபடியாக நல்ல கட்டை எப்போதும் அவருக்குத்தான் போகும். பெரிய உள்ளரங்கில் போட்டி நடக்கும்போது ஒரு வருடம் இவர் விமானம் அதிக நேரம் மேலே நிற்கும், ஒரு வருடம் அவருடையது. தோற்றவர் ஜெயித்தவரோடு ஒரு வாரம் பேச மாட்டார். அப்புறம் போய் அதே பேக்கரியில் உட்கார்ந்து கேக் தின்பார்.

அந்தக் கேக்கில்தான் வந்தது வினை. அத்தானுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லி வருடக்கணக்காகிறது. அக்கா மாதம் தவறாமல் பரிசோதனைக்கு அனுப்பினாள். இவர் மாதம் தவறாமல் கிளம்பிப் போய்ப் பேக்கரியில் உட்கார்ந்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று வந்து சொன்னார். மாத்திரை நினைவு வந்தால் போடுவார். அவருக்கு எந்தப் பலகை எந்த வருடத்துப் பெட்டியில் வந்தது என்பது நினைவிருக்கும், மாத்திரை மட்டும் நினைவிருக்காது. இதெல்லாம் எனக்கே பிறகுதான் தெரிந்தது.

முதலில் பல் செட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஈறு புண்ணாகிறது, ஓரம் குத்துகிறது என்று டாக்டர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு அம்மாள் நேரே வந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை என் தையல் மிஷின் மேல் வைத்து, பல்லில்லாத வாயால் என்னென்னமோ திட்டினார். பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. அத்தான் அந்தச் செட்டின் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, வழவழவென்றுதானே இருக்கிறது என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். ரம்பம். உங்களுக்கு வயசாகிறது, கண்ணாடியை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், புதுப் பெட்டி வந்துவிட்டது என்று சொல்ல என் கடைக்கு வந்தார். இஸ்திரி மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். தீய்கிற நாற்றம் வந்தது. துணியைத்தான் கருக்கிவிட்டேன் என்று பதறி எடுத்துப் பார்த்தால் துணி நன்றாக இருக்கிறது. அப்புறம்தான் பார்த்தேன், நிமிர்த்தி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் மேல் அவர் இரண்டு விரல்கள் சாய்ந்திருந்தன. "அத்தான், கை" என்றேன். அவர் குனிந்து பார்த்து, பார்த்த பிறகு எடுத்தார்.

"சூடா இருக்கா அது?" என்று கேட்டார்.

என் வாயிலிருந்து வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டே திட்டினேன். கொப்புளம் மேலெழும்பி வருவதைப் பார்த்து எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கு ஒன்றும் இல்லை. மெதுவாக விஷயம் வெளியே வந்தது. சில மாதங்களாகவே விரல் நுனியெல்லாம் உறை மாட்டிக்கொண்டது போல இருக்கிறதாம். டாக்டரைப் பார்க்கவில்லை, பரிசோதனை என்று போனதெல்லாம் கேக் தின்னத்தான், அக்காவிடம் சொல்லவில்லை. பிழைப்பும் அந்த விரலில்தான், பிரியமும் அந்த விரலில்தான். அது போய்விட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்து, மனிதர் பேசாமல் இருந்திருக்கிறார். இப்போதே மாடிக்குப் போய் அக்காவிடம் சொல்கிறேன் என்று கிளம்பினேன். வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு, ஊசி. தக்கை பிரிச்சு முடிச்சதும் நானே சொல்லிடறேன். டாக்டர்கிட்டயும் போறேன். அவனுங்க முன்னாடி மட்டும் என்னை விட்டுக் குடுத்துடாத."

அவர் வாயில் தக்கை என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதனால் ஒத்துக்கொண்டேன்.

திட்டம் அவருடையதுதான். பலகை கை மாறி வரும்போது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்து, நல்லதா இல்லையா என்று அவருக்கு ஜாடை காட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கடையை அடைத்த பிறகு பழைய தக்கைகளை என் மேஜையில் பரப்பி எனக்குப் பாடம் நடந்தது. துணியில் நேர் இழையும் குறுக்கு இழையும் கையாலேயே தெரிந்துகொள்கிறவளுக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை. எந்தப் பக்கம் இழுத்தால் கொடுக்கும், எந்தப் பக்கம் கொடுக்காது, அவ்வளவுதானே. நகம் பதிகிற ஆழம், தட்டினால் வருகிற சத்தம், உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அந்த எடை எல்லாம் பிடிபட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கே ருசி தட்டிவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஜாடைதான் தகராறாக இருந்தது. இருமுகிறேன் என்றேன். பேக்கரிக்காரன் கழுகு, பிடித்துவிடுவான் என்றார். ஞாயிறு காலை மாடிப்படி ஏறும்போது அவரே வழி சொன்னார்: மேஜைக்குக் கீழே காலை மிதி. நல்ல கட்டைக்கு ஒரு மிதி, ஆகாத கட்டைக்கு மிதிக்காமல் விட்டுவிடு. சரி என்றேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை, அதற்குள் மேலே எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் நானும் ஒரு விமானம் செய்யப் போகிறேன், அதனால் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் சிரித்தார். பேக்கரிக்காரர் சிரிக்கவில்லை. அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பலகைகள் சுற்றி வந்தன. நான்காவதோ ஐந்தாவதோ வந்தது ஒன்று, கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எடையே இல்லை. குறுக்கே வளைத்தால் அசைய மறுத்தது. மேலெல்லாம் செதில். வால் என்றால் இதுதான் வால். அத்தான் கையில் கொடுத்துவிட்டு அவர் பாதத்தை ஒரு மிதி மிதித்தேன். அவர் அழுத்திப் பார்ப்பது போல அழுத்தி, வளைத்துப் பார்ப்பது போல வளைத்து, அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார். சரி, மனதில் வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

முறை ஆரம்பித்தது. கட்டைவிரல் முதல். நான் மிதித்து ஜாடை காட்டிய பலகை அவர் முன்னால்தான் கிடந்தது. அதைத் தாண்டிக் கையை நீட்டி, பால் போல வெள்ளையாக, ஒரு கோடு கூட இல்லாத ஒன்றை எடுத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. எடை என்று பார்த்தால் அலமாரிப் பலகை. கட்டையை நிறம் பார்த்து எடுக்கிறவனை எல்லாம் காலமெல்லாம் கிண்டல் செய்த மனிதர், நிறம் பார்த்து எடுத்தார்.

டிரைவரும் கண்ணாடிக் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டைவிரல் கனமானதை எடுக்கிறார் என்றால் காரணம் இல்லாமலா எடுப்பார், ஏதோ புதுத் திட்டம் வைத்திருக்கிறார் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. டிரைவர் இருப்பதிலேயே கனமானதைத் தேடி எடுத்தார். கண்ணாடிக் கடைக்காரர் அதைவிடக் கனமானதை எடுத்துவிட்டு, முந்திக்கொண்டோம் என்று சந்தோஷமாக மூக்கைச் சொறிந்தார். பேக்கரிக்காரர் மட்டும் தன் முறை அப்புறம் என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த சுற்றுக்கு முன் அந்தச் செதில் பலகையை நானே அத்தான் பக்கம் நகர்த்தி, காலை நன்றாக அழுத்தினேன். அவர் மறுபடியும் ஒரு வெள்ளைப் பலகையை எடுத்தார். அவர்களும் மறுபடி கனத்தைத் தேடினார்கள். கூடத்தில் இருந்த நல்ல கட்டை எல்லாம் நடு மேஜையில் அனாதையாகக் கிடக்க, மூன்று பெரிய மனிதர்கள் விறகைப் பொறுக்கி மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு வீம்பு, என் உதவியில்லாமல் எடுத்துக் காட்டப் பார்க்கிறார், அப்புறம் எதற்கு என்னை ஒரு வாரம் தூங்கவிடாமல் அடித்தார் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில், வந்த அவசரத்தில் கழற்ற மறந்திருந்த செருப்பின் குதிகாலை அவர் கால்விரல் மேல் வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் அதில் இறக்கினேன். வேறு யாராக இருந்தாலும் கூரை இடிக்கத் துள்ளியிருப்பார்கள்.

அத்தான் தலையைச் சாய்த்து, என் காதோரம் குரலைத் தாழ்த்தி, "ஏன் மிதிக்கவே மாட்டேங்கற?" என்று கேட்டார்.

என் குதிகால் அப்போது அவர் விரல் மேல்தான் இருந்தது.

 குனிந்து மேஜைக்குக் கீழே பார்த்தேன். காலை எடுத்தேன். பெருவிரல் நகத்தோரம் தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கை மட்டுமல்ல, காலும் போயிருக்கிறது. போனது அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது. இந்தச் சர்க்கரை முதலில் காலைத்தான் பிடிக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது, பயம் மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தபோது அவர் இன்னும் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் டிரைவர் பேக்கரிக்காரரை அவசரப்படுத்தினார். இப்படியே கையைக் கட்டிக்கொண்டிருந்தால் எப்போது எடுப்பது என்று கேட்டார். பேக்கரிக்காரர் அவருக்குப் பதில் சொல்லாமல் அத்தானைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு எடுக்கத் தெரியாதுய்யா. என் விரலு அடுப்புல வெந்து காய்ச்சுப் போயி எத்தனையோ வருசம் ஆச்சு. கல்லைக் குடுத்தாலும் கட்டையைக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். பலகை சுத்தி வர்றப்ப நான் உன் மூஞ்சியத்தான் பாப்பேன். நல்ல கட்டை கையில வந்தா உனக்கு மூக்கு லேசா விடைக்கும். அதை ஞாபகம் வச்சுகிட்டு, நீ எடுத்தது போக மிச்சத்த எடுப்பேன். இத்தனை வருசமும் அப்படித்தான்."

கண்ணாடிக் கடைக்காரர் தன் மடியில் இருந்த விறகைக் குனிந்து பார்த்தார். பேக்கரிக்காரர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"இன்னிக்கு உன் மூஞ்சியில ஒண்ணுமே வரல. என்னாச்சுய்யா உனக்கு?"

அத்தான் சிரிக்கப் பார்த்தார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றார். வெயில் என்றார். பேக்கரிக்காரர் போட்டியில் தோற்கப் போகிற பயத்தில் உளறுகிறார் என்றார். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நீயும் ஏதாவது சொல்லேன் என்பது போல. விட்டுக் கொடுக்காதே என்று கேட்டிருந்தார், நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன். தலையாட்டியது விரலுக்குத்தான், காலுக்கு இல்லை. சமையலறைப் பக்கம் திரும்பி அக்காவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இஸ்திரிப் பெட்டி, பல் செட், பரிசோதனைக்கு என்று போய்த் தின்ற கேக், இப்போது மிதித்தும் தெரியாத கால், ஒன்றையும் விடவில்லை. கேக் என்ற இடத்தில் பேக்கரிக்காரர் தலை குனிந்துகொண்டார்.

அக்கா ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் அக்கா சத்தம் போடுகிறவள். டீ ஜாடி உடைந்த அன்று நான்கு ஆண்களையும் மாடிப்படிவரை விரட்டியவள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நிற்கவும் அத்தானுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இவ சும்மா கதை கட்டறா. செருப்பு நுனியால தொட்டுட்டு மிதிச்சேங்கறா. எனக்கு ஒண்ணும் இல்ல. கையி கொஞ்சம் மரத்திருக்கு, காலு நல்லாத்தான் இருக்கு."

"கண்ண மூடுங்க" என்றாள் அக்கா.

எதற்கு என்றார். மூடுங்க என்றாள். மூடிக்கொண்டார்.

"கால்ல கிள்ளறேன். வலிச்சா சொல்லுங்க."

அறையில் யாரும் அசையவில்லை. அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சென்றது. உடனே அத்தான் வலது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஆ... மெதுவா. நகம் குத்துது."

அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் நான்கு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "பாத்தியா, சொன்னேன்ல" என்று சொல்லிக்கொண்டே அத்தான் கண்ணைத் திறந்தார். முதலில் தன் காலடியில் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. பிறகு நிமிர்ந்து, அறையின் அந்தக் கோடியில் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

"எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் அக்கா.

அவர் மேஜையைப் பார்த்தார். பிரித்தது பாதியில் நிற்கிறதே, கட்டை எல்லாம் அப்படியே கிடக்கிறதே என்று ஏதோ சொன்னார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல்.

"கட்டை எங்கயும் போயிடாது. காலுதான் போயிடும்."

 அத்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேக்கரிக்காரர் போய் வாசலிலிருந்து அவர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து அவர் முன்னால் வைத்தார். அத்தான் கீழே பார்த்து, ஒரு கால் உள்ளே போய்விட்டது என்று தெரிந்த பிறகு, மற்றதைப் போட்டுக்கொண்டார்.